நான்கு குரல்களைப் பிரித்துக் கேட்பது எப்படி?

கும்பகோணத்திலிருந்து கேள்வி: மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்னும் நால்வர் ஜாஸ் குழு, 2022இல் ஜெர்மனியின் கொலோன் நகர வானொலி இசைக்குழுவோடு சேர்ந்து வெளியிட்ட ‘ஃபிஃப்டி’ தொகுப்பைக் கேட்டு வருகிறேன். ஒற்றைக் குரலைப் பின்தொடர்ந்தே பழகிய காதுக்கு நான்கையும் பிரித்தறிய வழி உண்டா?

தஞ்சாவூரிலிருந்து மறுமொழி: மேலே ஒலிக்கும் பெண்குரல் தானாகவே காதில் விழும் என்பதால், அதை விட்டுவிட்டு அடியிலுள்ள ஆண்குரலை மட்டும் ஒரு முறை முழுதும் பற்றிக்கொண்டு கேளுங்கள், நடுக்குரல் அரைச்சுரம் நகர்ந்தாலே பாட்டின் நிறம் மாறுவது அப்போது புலப்படும். தம்புராவின் சட்ஜமம் போல அந்த அடிக்குரல் ஓரிடத்தில் நிற்பதில்லை.

திருவையாற்றிலிருந்து: ஐயா சொல்வது சரியே. ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் பாடினாலும் நாம் ஒரே சுரத்தில்தான் சேருகிறோம். இக்குழுவின் 1985ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘வோகலீஸ்’ஸையும் அவசியம் கேளுங்கள், கருவிகளில் வாசித்த கற்பனைகளுக்கு ஜான் ஹென்ட்ரிக்ஸ் சொற்கள் அமைத்திருக்கும் அழகு வியக்க வைக்கிறது.

மயிலாடுதுறையிலிருந்து: ஹெட்போனில் கேட்டால் இன்னும் எளிது.