ஏற்றி இறக்கும் அசெம்பிளி மேசைக்குத் தமிழ்ப்பெயர்: ‘மூட்டுமேசை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். மரவேலையில் பெட்டி, அலமாரி போன்றவற்றின் பாகங்களைச் சேர்க்கப் பயன்படும், உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய அசெம்பிளி மேசைக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த உரையாடலில் இப்படி ஒரு பரிந்துரை வந்திருக்கிறது:

> உயரம் சரிசெய்யக்கூடிய ஒருங்கிணைப்பு மேசை

இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டையார்பேட்டையில் மரவேலை செய்யும் ஒருவரிடம் இதைச் சொன்னால், மேசையின் கால் உடைந்துவிட்டது, சரிசெய்யக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பார். ‘ஒருங்கிணைப்பு’ என்றதும் குழுவும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். பெயர் வைப்பதற்கு முன் அந்த மேசையின் மேல் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் மரவேலை என்றால் பெரும்பாலும் தரையில்தான். அறுப்பது, இழைப்பது, பெட்டியைச் சேர்ப்பது எல்லாமே அங்கேதான். ஆனால் தரைக்கு வாட்டம் உண்டு, அதுவும் இடத்துக்கு இடம் மாறும். கழுவிவிட்ட தண்ணீர் ஓடட்டும் என்று கொத்தனார் தெரிந்தே கொடுத்தது. அதன் மேல் அலமாரிப் பெட்டியை வைத்து, ஃபெவிகால் தடவி, க்ளாம்ப் போட்டு இறுக்கினால் பெட்டியும் அந்த வாட்டத்தை வாங்கிக்கொள்ளும். காய்ந்தபின் மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாகவே இருக்கலாம். கதவை மாட்டும்போதுதான் ஒரு முனை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மூலை மட்டமாக (செங்கோணமாக) இருக்கிறதா என்பதைக் குறுக்களவு சொல்லும், பெட்டி முறுக்கிக்கொண்டதைச் சொல்லாது. நல்ல சமதளமான மேசை வேண்டியது இதற்காகத்தான்.

சரி, உயரம் ஏன் மாற வேண்டும்? டிராயர் செய்ய 34, 36 அங்குல உயரம் வாகாக இருக்கும். இரண்டடி ஆழமுள்ள அலமாரியை அதே மேசையில் படுக்கப்போட்டால் மேல் விளிம்பு ஐந்தடிக்குப் போய்விடும். அங்கே கையைத் தூக்கி ஸ்க்ரூ முடுக்கினால் தோள்பட்டை போய்விடும். மேசையை 20 அங்குலத்துக்கு இறக்கினால் அதே விளிம்பு 44 அங்குலத்தில் நிற்கும். இரண்டு உயரத்துக்கு இரண்டு மேசை போட ராயபுரத்து வீடுகளில் இடமில்லை.

வேலை நடக்கும்போது வாயில் வருவது என்ன? “அண்ணே, மேசைய கொஞ்சம் இறக்குங்க.” அவ்வளவுதான். ஆகவே முதற்பாதி ‘ஏற்றிறக்கு’ என்றே இருக்கட்டும். ‘ஏறிறங்கு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த மேசை தானாக ஏறுவதில்லை. காலுக்குள் கால் நுழைத்து, துளைக்குத் துளை இரும்புப் பின்னை மாற்றிச் செருகியோ, காருக்கு டயர் மாற்றப் போடும் கத்தரி ஜாக்கியைச் சுற்றியோ ஓர் ஆள்தான் ஏற்றுகிறார். அந்த ஜாக்கி முழுக்கத் தாழ்ந்திருக்கும்போது சுற்றவே கனக்கும், பாதி ஏறியபின் இலேசாகிவிடும். கடற்காற்றில் அதன் மரைக்கு அடிக்கடி கிரீஸ் தடவாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். பிறவினையாகப் பெயர் வைத்தால் இந்த உழைப்புக்கும் அதில் இடம் கிடைக்கிறது. ‘ஜாக்கி’ என்ற சொல்லைத் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். ஊரே அதைத் தமிழாக்கிவிட்டது.

இனி ‘அசெம்பிளி’. வடசென்னைக் குடும்பங்களுக்கு இது பழகிய சொல். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை அசெம்பிள் செய்துதான் தொழிலையே ஆரம்பித்தது. ஆனாலும் பள்ளிக்கூட வழிபாடு, சட்டமன்றம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பாகங்களைச் சேர்ப்பதை இலங்கைத் தமிழர்கள் ‘பூட்டுதல்’ என்பார்கள்; ‘கழற்றிப் பூட்டுதல்’ என்றால் பிரித்து மறுபடி சேர்ப்பது. அருமையான சொல், நானும் முதலில் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். தமிழ்நாட்டில் ‘பூட்டுமேசை’ என்றால் சாவி எங்கே என்று கேட்பார்கள். ‘பொருத்துமேசை’ பிழையில்லை, ஆனால் பல்பு பொருத்துவதும் குழாய் பொருத்துவதும்கூட அதில் அடங்கிவிடும்.

அதனால் ‘மூட்டு’. புதுக் கைலி வாங்கினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்க டெய்லரிடம் கொடுத்து, “மூட்டிக் கொடுங்க” என்கிறோம். தனித்தனியாகக் கிடக்கும் விளிம்புகளை ஒன்றுசேர்ப்பது என்ற பொருள் அதில் பளிச்சென்று இருக்கிறது. எலும்புகள் சேரும் இடமும் மூட்டு, சட்டமும் சட்டமும் சேரும் இடமும் மூட்டு. ‘மூட்டுவலி நினைவுக்கு வருமே’ என்ற மறுப்பு வரும். வரட்டும்; ‘மேசை’ பக்கத்தில் நிற்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை: மூட்டிய, மூட்டுகிற, மூட்டும் மேசை.

முழுப்பெயர் ‘ஏற்றிறக்கு மூட்டுமேசை’. பேச்சில் ‘மூட்டுமேசை’ போதும்.

அப்புறம் மேசையின் மேற்பலகை. இரண்டு மெல்லிய பிளைவுட் தகடுகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைக் கட்டம் கட்டி ஒட்டுவது. எடை குறைவு, எளிதில் கோணாது. மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டால் சிந்திய பசை காய்ந்ததும் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் இது ‘டார்ஷன் பாக்ஸ்’ (torsion box). அதை அப்படியே மொழிபெயர்த்து இங்கே ‘முறுக்குப் பெட்டி’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அது பலகாரம் வைக்கிற டப்பாவுக்குத்தான் பொருந்தும். வாடாமலர் என்கிற மாதிரி ‘கோணாப்பலகை’ என்று வைக்கலாமா? சமதளமான இடத்தில் வைத்து ஒட்டினால்தான் அந்தப் பெயருக்கு அது தகுதியாகும் என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிட வேண்டும்.

‘பூட்டு’ பற்றி இலங்கை நண்பர்கள் மாற்றுக்கருத்து சொன்னால், இரண்டு சொற்களையும் ஒரே பதிவில் இணைச்சொல்லாகப் போடவும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து