காலை டெம்பரேச்சர் சார்ட் தாறுமாறாகப் போகிறது, கருமுட்டை வெளியாகிறதா இல்லையா?

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். தினமும் காலையில் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துக் குறிக்கிறேன், ஆனால் ஒரு நாள் 36.3, மறுநாள் 36.7, அதற்கடுத்த நாள் 36.2 என்று ஏறி இறங்குகிறது. பீரியட்ஸ் ஒழுங்காகத்தான் வருகிறது. ஷிப்ட் வேலை என்பதால் எழும் நேரம் மாறும், சில நாள் பாத்ரூம் போய் வந்த பிறகுதான் ஞாபகமே வரும். டெம்பரேச்சர் ஏறுகிற அன்று சேர்ந்தால் போதும்தானே?

பதில் 1:
காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரா? புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் காட்டுகிறது?

கேட்டவர்:
ஒரே இலக்கம்தான் அக்கா.

பதில் 1:
அதை மாற்றுங்கள் முதலில். கருமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதால் ஏறுவதே சுமார் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்தான், அதனால் இரண்டு இலக்கம் காட்டுவது வேண்டும். தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் எழாமல், பேசாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் பாருங்கள், அதற்கு முன் தொடர்ந்து மூன்று மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கினாலும், அந்தத் தூக்கம் கலைந்ததும் பார்த்துவிட்டு நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். காய்ச்சல், தூக்கம் கெட்ட நாட்களையும் குறித்துவையுங்கள். ஒரு நாள் ஏறியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முந்தைய ஆறு நாட்களைவிட மூன்று நாள் தொடர்ந்து மேலே இருந்தால்தான் கணக்கு.

பதில் 2:
முக்கியமான கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஏறுகிற அன்று சேர்வது பெரும்பாலும் தாமதம். முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும், அதனால் வாய்ப்புள்ள நாட்கள் ஏறுவதற்கு முன்னால்தான். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று இழுபடும் வெள்ளைப்படுதல் வந்தால் அதுதான் சமயம். அதோடு, முட்டை வெளியாகும் முன் ஏறும் எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் எல்எச் கிட்டும் உதவும், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் மட்டும் அது ஏமாற்றலாம்.

கேட்டவர்:
ஐயோ, நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, புதுத் தெர்மாமீட்டர் வாங்கியும் ஏறவே இல்லை என்றால்?

பதில் 2:
ஒரு மாதம் ஏறாவிட்டால் பயப்பட வேண்டாம், யாருக்கும் நடக்கும். தொடர்ந்து அப்படியே என்றால் சார்ட்டோடு டாக்டரிடம் போங்கள். அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு புரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், தைராய்டும் சேர்த்துப் பார்ப்பார்கள். 35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருடம், மேலே என்றால் ஆறு மாதம் முயற்சி செய்தும் கரு நிற்காவிட்டால் சார்ட் எப்படி இருந்தாலும் போய்விடுங்கள். உங்கள் கணவருக்கும் விந்துப் பரிசோதனை அப்போதே எடுக்கச் சொல்லுங்கள், அதை மட்டும் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.