மாமாவின் ஏழாவது பாட்டு

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
6 நவம்பர் 2021, சனிக்கிழமை

ராஜி பெரியம்மா: 🌹 இனிய காலை வணக்கம். அனைவரும் நலமுடன் வாழ்க.

சேகர் மாமா: நேற்று ஸ்வீடன் பாப் குழு ஆபாவின் புது ஆல்பம் வந்துவிட்டது. பெயர் 'வாயேஜ்'. 1981க்கு அப்புறம் இப்போதுதான். நாலு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

சேகர் மாமா: ஏழாவது பாட்டை மட்டும் எல்லோரும் கேளுங்கள். 'கீப் ஆன் ஐ ஆன் டேன்'. லிங்க் கீழே.

பிரகாஷ் அண்ணா: செப்டம்பரில் இரண்டு பாட்டு விட்டார்களே, அதையே மாமா இரண்டு மாதமாக அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது மொத்தம் பத்தா? தாங்காது.

நிவேதா: நான் கேட்கிறேன் மாமா. பிரேக்கப் பாட்டுதானே?

சேகர் மாமா: பிரேக்கப் முடிந்த பிறகு வரும் பாட்டு. விவாகரத்தான அம்மா, வார இறுதிக்குப் பையனை அவன் அப்பாவிடம் விட வருகிறாள். டேனைப் பார்த்துக்கொள், விட்டால் சேட்டை செய்வான் என்கிறாள். கதை அவ்வளவுதான்.

பிரகாஷ் அண்ணா: கேட்டாச்சு. 1980இல் செய்து பரணில் போட்டு வைத்த மெட்டு மாதிரி இருக்கிறது. பல்லவி வந்ததும் ஆட்டம் போடச் சொல்கிறது. பிள்ளையைப் பிரிகிற அம்மாவுக்கு டிஸ்கோவா?

சேகர் மாமா: அவர்கள் வழக்கமே அதுதான். அழ வேண்டிய இடத்தில் ஆட வைப்பார்கள்.

பிரகாஷ் அண்ணா: பாடுகிற அக்னெத்தா குரலும் இறங்கிவிட்டது. அதோடு 71 வயதில் சின்னப் பையனுக்கு அம்மாவாகப் பாடினால் எப்படி?

சேகர் மாமா: டி.எம்.எஸ். ஐம்பது தாண்டியும் காதலனுக்குப் பாடவில்லையா? அப்போது யாரும் வயதுச் சான்றிதழ் கேட்கவில்லை.

சேகர் மாமா: குரல் இறங்கியது உண்மை. ஆனால் இந்தப் பாட்டுக்கு அதுதான் சரி. பழைய உச்சத்தில் பாடியிருந்தால் கதறல் ஆகியிருக்கும். இந்த அம்மா கதறக் கூடாது, பையன் பக்கத்தில் நிற்கிறான்.

நிவேதா: மாமா, பாட்டு முடிகிற இடத்தில் ஒரு பியானோ வருகிறதே, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. உங்கள் காரிலா?

சேகர் மாமா: அடி என் தங்கமே! அது 'எஸ்.ஓ.எஸ்.' பாட்டின் ஆரம்பம். 1975இல் வந்தது. நாற்பத்தாறு வருஷம் கழித்து அதை எடுத்து இதன் வாலில் கட்டியிருக்கிறார்கள். நீ கண்டுபிடித்துவிட்டாய், பிரகாஷ் காதில் விழவில்லை பார்.

பிரகாஷ் அண்ணா: நான் முடிவு வரை போகவில்லை. 😂

சேகர் மாமா: சரி, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். 1977இல் 'நோயிங் மீ, நோயிங் யூ' சிங்கிளாக வந்தபோது அந்த நாலு பேரும் இரண்டு ஜோடி, ஒன்றாகத்தான் இருந்தார்கள். காலி வீடு, குழந்தைச் சிரிப்பு ஓய்ந்துவிட்டது என்று பாடினார்கள். எல்லாம் கற்பனை.

சேகர் மாமா: 1980இல் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்'. இதற்குள் அந்த ஜோடிகளில் ஒன்றான பியோர்னும் அக்னெத்தாவும் பிரிந்தாயிற்று. வரிகளை எழுதியது பியோர்ன். பக்கத்தில் மது பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினாராம். அதை அவளிடமே கொடுத்துப் பாட வைத்தார். சீட்டாட்டம், பகடை உருட்டும் தெய்வங்கள், நீதிபதிகள் என்று எல்லாம் பெரிய பெரிய சாமான்.

ராஜி பெரியம்மா: குடித்துவிட்டு எழுதியதையா பாராட்டுகிறாய்?

சேகர் மாமா: அக்கா, கொஞ்சம் பொறு. இந்த டேன் பாட்டில் தெய்வமும் இல்லை, பகடையும் இல்லை. பையனை ஒப்படைக்கிறார்கள், அவ்வளவுதான். பிரியும்போது அவர்களுக்கே சின்னக் குழந்தைகள் இரண்டு. இந்தப் பாட்டிலும் வரிகள் பியோர்னுடையவை. அப்பா பக்கம் நின்றவர் அம்மாவின் பேச்சை எழுதுகிறார், பாடுவது அந்த அம்மா. 'வின்னர்' பாட்டை விட இது ஒரு படி மேல் என்பேன்.

பிரகாஷ் அண்ணா: 'வின்னர்' பாட்டை விடவா?! மாமா, காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள்.

ராஜி பெரியம்மா: தீபாவளி முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை சேகர். நல்ல நாளும் அதுவுமாக விவாகரத்து, குழந்தை என்று எதற்கு இந்தப் பேச்சு? யார் யாரெல்லாம் குழுவில் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

பிரகாஷ் அண்ணா: பெரியம்மா சொல்வது சரி. வேறு பேசலாம். அங்கே மழை எப்படி?

சேகர் மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேகர் மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா அக்கா: அம்மா, எனக்காக யாரும் நிறுத்த வேண்டாம். லிங்க் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். ஆதியை அவன் அப்பா வீட்டில் விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பி வருகிறேன்.

மீனா அக்கா: மாமா சொன்னதில் பாதிதான் சரி. 'பார்த்துக்கொள்' என்று அவள் சொல்வது பையனுக்காக மட்டும் இல்லை. வாசலில் நின்று வேறு என்ன பேசுவது? இன்றைக்கு நான் பேசியது இவ்வளவுதான்: இருமல் மருந்து 5 மில்லி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். மிச்ச வெடியை எடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். அவருக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். மருந்து பாட்டிலிலேயே அளவு எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் சொல்லுவேன், அவரும் புதிதாகக் கேட்கிற மாதிரி தலையாட்டுவார்.

மீனா அக்கா: பிரகாஷ், தாளம் ஏன் துள்ளுகிறது என்று கேட்டாயே. அங்கிருந்து உடனே கிளம்பியாக வேண்டும். ஆதி ஜன்னலில் நின்று கை ஆட்டிக்கொண்டிருப்பான், நான் சிரித்தபடி வண்டியை எடுக்க வேண்டும். ஒப்பாரி மாதிரி மெட்டுப் போட்டால் ஸ்டார்ட் பண்ணவே கை வராது. தெரு முனை திரும்பிய பிறகு என்னவோ ஆகட்டும்.

நிவேதா: ❤️

பிரகாஷ் அண்ணா: சரிக்கா. தாளத்தைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மெட்டு பழசு என்பது அப்படியே நிற்கிறது.

மீனா அக்கா: நிற்கட்டும், மெட்டு பழசுதான். 😄 அந்த 'வின்னர்' பாட்டுதான் எனக்கு ஒட்டவே இல்லை. ஜெயித்தது யார், தோற்றது யார் என்று யோசிக்க இங்கே நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணி என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 6:20 ஆனால் எனக்கு வயிறு கலங்குகிறது.

சேகர் மாமா: பியோர்னே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் மீனா. எங்கள் விவாகரத்தில் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று.

மீனா அக்கா: அப்புறம் ஏன் மாமா அந்தத் தலைப்பு?

சேகர் மாமா: அதில் ஒரு நாடகம் இருக்கிறதே, அதற்காகத்தான். நாற்பது வருஷம் அதைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடினேன்.

ராஜி பெரியம்மா: மீனா, பையில் அதிரசம் வைத்தாயா?

மீனா அக்கா: வைத்தேன் அம்மா. நாலு. அவருக்கும் சேர்த்துத்தான். வைக்காமல் விட்டால் ஆதியே கேட்பான்.

ராஜி பெரியம்மா: நாலு பத்தாது. முறுக்கும் கொடுத்திருக்கலாம்.

பிரகாஷ் அண்ணா: மாமா, லிங்க்கை நீக்கிவிட்டீர்களே. திரும்ப அனுப்புங்கள், அந்தப் பியானோவையாவது கேட்கிறேன்.

சேகர் மாமா: அனுப்பிவிட்டேன். அப்படியே எட்டாவதையும் கேள். 'பம்பிள்பீ'. தோட்டத்து வண்டு பற்றியது.

நிவேதா: மாமா, ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ராஜி பெரியம்மா: வண்டுப் பாட்டு என்றால் எனக்கு அனுப்பு.