ஃப்ளோ பச்சை டிக் காட்டுகிறது, ஆனால் சிலருக்கு மெயில் போவதில்லை

கேள்வி:
பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) ஒரு ஃப்ளோ, அதாவது தானாக ஓடும் வேலைத்தொடர், வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒன்டிரைவில் உள்ள எக்செல் டேபிளைப் படித்து, பணம் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் மெயில் அனுப்பும். ஐந்தாறு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது, புதிதாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் யாருக்கும் மெயில் போவதில்லை. ரன் ஹிஸ்டரியில் எல்லாமே பச்சை டிக். சிவப்பாக ஏதாவது இருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். கனெக்‌ஷனை நீக்கி மறுபடி கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

பதில் 1:
டேபிளில் மொத்தம் எத்தனை வரிசை? அப்புறம், ஓடி முடிந்த ஒரு ரன்னைத் திறந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை ஓடும் 'அப்ளை டு ஈச்' லூப் எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
312 வரிசை. லூப் 256-இல் நிற்கிறது! இது எங்கிருந்து வந்த எண்?

பதில் 1:
அதேதான். டேபிளைப் படிக்கும் ஸ்டெப்பான 'லிஸ்ட் ரோஸ் பிரசன்ட் இன் எ டேபிள்', நாம் எதுவும் சொல்லாவிட்டால் முதல் 256 வரிசையைத்தான் எடுக்கும். அதைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, அதனால் பிழையும் காட்டாது. அந்த ஸ்டெப்பின் செட்டிங்ஸில் பேஜினேஷனை (மீதி வரிசைகளையும் தொடர்ந்து எடுக்கும் வசதி) ஆன் செய்து, த்ரெஷோல்டில் (எத்தனை வரிசை வரை என்ற வரம்பு) 2000 என்று போடுங்கள். எக்செலை விட்டு ஷேர்பாயின்ட் லிஸ்டுக்கு மாறினாலும் இதே கதைதான், அங்கே வரிசைகளை எடுக்கும் 'கெட் ஐட்டம்ஸ்' ஸ்டெப் 100-லேயே நின்றுவிடும்.

பதில் 2:
அவசரப்பட்டு ஆன் செய்துவிடாதீர்கள். விடுபட்ட 56 வரிசையில் பாக்கி என்று இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயில் பறக்கும். பணம் கட்டியும் ஷீட்டில் திருத்தாமல் விட்ட ஆள் ஒருவர் இருந்தால் போதும், அன்றைக்கு உங்கள் போன் ஓயாது. முதல் ரன்னுக்கு 'டு' கட்டத்தில் உங்கள் முகவரியையே போட்டுப் பாருங்கள்.
இன்னொன்று, எல்லா வரிசையையும் இழுத்து லூப்புக்குள் கண்டிஷன் வைப்பதைவிட, டேபிளைப் படிக்கும் ஸ்டெப்பில் உள்ள ஃபில்டர் கொயரியிலேயே (எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் கட்டம்) 'பாக்கி' என்று இருப்பதை மட்டும் கேட்பது நல்லது. டேபிளின் நெடுவரிசைத் தலைப்பில் இடைவெளி இருந்தால் ஃபில்டர் தகராறு செய்யும், முதலில் பெயரை மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
312-உம் வந்துவிட்டது, நன்றி! மெயிலில் கெடு தேதியையும் சேர்க்கலாமே என்று பார்த்தால், ஒருவருக்கு 45292 என்று வருகிறது.

பதில் 2:
எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கும். டேபிளைப் படிக்கும் அதே ஸ்டெப்பின் அட்வான்ஸ்டு பகுதியில் டேட்டைம் ஃபார்மேட்டை ஐஎஸ்ஓ 8601 (ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் முறை) என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.
45292 என்றால் 2024 ஜனவரி 1. அந்த ஆளுக்கு மெயில் எல்லாம் போதாது, போனே போடுங்கள்.