புதுப்பிப்பு: அஷ்ட சூரணம் வாங்கியாச்சு

ராச்சாப்பாடு முடிந்தாலே வயிறு உப்பிக்கொள்கிறது, எட்டுச் சரக்கு சேர்ந்த செரிமானப் பொடியான அஷ்ட சூரணம் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. டவுன் ரத வீதிப் பக்கம் முதலில் ஏறின கடையில் தேதியும் இல்லாமல் உரிம எண்ணும் இல்லாமல் ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்த கடையில் சீல் வைத்த டப்பா. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என எட்டும் லேபிளில் இருந்தன. “சும்மா வெந்நீர்ல கலக்காம, முத உருண்டைச் சோத்துல நெய் விட்டுப் பெசஞ்சு சாப்பிடுங்க” என்றார் அண்ணாச்சி. ருசி பிரமாதம், பருப்புப்பொடியே தேவையில்லை!

உப்புசம் குறைந்திருக்கிறது. ஆனால் ராத்திரி பரோட்டா சால்னாவையும் அதே சமயத்தில்தான் நிறுத்தினேன், அதனால் முழுப் பெருமையையும் பொடிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. காரம் அதிகம், எங்கள் மைனிக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பதால் அவளுக்குக் கொடுக்கவில்லை. அப்புறம், இந்துப்பும் உப்புதான், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள், கட்டி பிடித்துவிடும்.