அம்மாவின் பிள்ளைகள் (புதுக் குழு)

வியாழன்

மாலை 6:48
சுகந்தி: எல்லோருக்கும் வணக்கம். ஆதவனின் விஞ்ஞான டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். செய்தால் மேலதிகமாகப் பத்துப் புள்ளி. வீட்டு ஆட்களோடோ அயலாரோடோ வெளியே போய் இயற்கை சம்பந்தமாக ஏதாவது செய்ய வேண்டுமாம். இரண்டு படம், ஒரு பக்கக் குறிப்பு, பெரியவர் ஒருவரின் கையெழுத்து. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். எனக்கு இன்றுதான் சொல்கிறான்.

6:49
மைதிலி: எப்போது கொடுத்த வேலை சித்தி?

6:49
சுகந்தி: மூன்று கிழமைக்கு முன்.

6:50
ரஞ்சினி: தாயைப் போல பிள்ளை.

6:50
சுகந்தி: அக்கா!

6:52
குகன்: சின்னக்கா, எரிமலை மட்டும் வேண்டாம்.

6:53
ரஞ்சினி: அந்த மேசை விரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலு முறை ஊறப்போட்டும் சிவப்புப் போகவில்லை.

6:55
சுகந்தி: ஞாயிறு அம்மாவின் திவசம். சனி முழுக்கச் சமையல் ஆயத்தம். இதற்குள் எங்கே, எப்போது கூட்டிப்போவது? யாராவது ஒரு வழி சொல்லுங்கள். சுருக்கமாக.

7:11
பாலா: சுகந்தி, இதை ஒரு தொல்லையாகப் பார்க்காதே. முதலில் பிள்ளைக்கு ஒன்று விளங்க வேண்டும். கொழும்பு என்றால் கட்டடமும் புகையும் என்று நினைக்கிறோம். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சமவாயம் முதன்முதலாக ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரத்தை 18 நகரங்களுக்குக் கொடுத்தது. அதில் கொழும்பும் ஒன்று. (ராம்சார் ஈரானில் உள்ள ஊர். 1971இல் ஒப்பந்தம் அங்கேதான் கைச்சாத்தானது.) ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையைச் சுற்றியுள்ள சதுப்புகள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. அவற்றை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குள்தான் வரும். அந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் இருக்கிறது. சிங்களத்தில் ஹந்துன் திவியா. பூனை இனம், ஆனால் தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கும். கொழும்பில் வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனைத் தூக்கிப்போனதும் உண்டு. ஆகவே சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஆதவனைப் பெத்தகானை ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். பலகை நடைபாதை இருக்கிறது, சேற்றில் கால் வைக்கத் தேவையில்லை. தியசரு பூங்காவும் நல்லது, ஆனால் தலவத்துகொடை வரை போக வேண்டும்.

7:12
மைதிலி: மாமா, சித்தி சுருக்கமாகக் கேட்டார்.

7:12
பாலா: இது சுருக்கம்தான்.

7:13
வசந்தி: கார் கராஜில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7:15
பாலா: நாளைக்குக் கிடைக்கும்.

7:15
வசந்தி: போன கிழமையும் நாளைக்குத்தான்.

7:19
ஜெயா மாமி: பகிரப்பட்ட செய்தி (படத்துடன்): அவசரம்! பெத்தகானைப் பக்கம் இருபதடி முதலை. பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். எல்லாக் குழுக்களுக்கும் பகிரவும்.

7:19
ஜெயா மாமி: முருகா

7:20
சுகந்தி: ஐயோ. பெரியண்ணா, இது உண்மையா?

7:22
மைதிலி: மாமி, அந்தப் படத்தில் பின்னால் வரிசையாகப் பனை நிற்கிறது. பெத்தகானையில் ஏது பனங்கூடல்?

7:23
குகன்: 2022 ஜனவரியில் தெஹிவளை–கல்கிசைப் பக்கக் கடலில் ஒருவரை முதலை பிடித்ததே. அது பொய்யில்லை.

7:27
பாலா: படம் பொய், முதலை பொய்யில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கொழும்புச் சதுப்புகளில் முதலை இருக்கிறது. அது அதன் வீடு, நாங்கள்தான் விருந்தாளிகள். உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். நடைபாதையை விட்டு இறங்காமல், தண்ணீர்க் கரையில் குந்தாமல் இருந்தால் போதும். உண்மையில் ஆதவன் இதையே எழுதலாம்: பகிரப்படும் படத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று. பின்னணி மரம், நிழல், பலகையில் இருக்கிற எழுத்து.

7:28
சுகந்தி: நான் அனுப்பமாட்டேன்.

7:28
பாலா: சுகந்தி!

7:29
சுகந்தி: இருபதடி வேண்டாம் பெரியண்ணா, இரண்டடி என்றாலும் அனுப்பமாட்டேன்.

7:34
வசந்தி: வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் மொட்டை மாடியிலும் மாடிப்படியிலும் தண்ணீர் தேங்கி நிற்கிற இடங்களைக் கணக்கெடுக்கட்டும். பூச்சாடித் தட்டு, குளிரூட்டித் தண்ணீர் வடிகிற வாளி, தேங்காய்ச் சிரட்டை. எதில் நுளம்புக் குடம்பி நெளிகிறது, எதில் இல்லை என்று எழுதி, பிறகு கவிழ்த்துவிடட்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஏழு முதல் பத்து நாள்தான். அதனால்தான் கிழமைக்கு ஒரு தடவை என்று சொல்வது. தட்டை உரஞ்சிக் கழுவ வேண்டும், ஊற்றினால் மட்டும் போதாது, முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும்.

7:35
மைதிலி: மாமி சொன்னது நல்லது.

7:36
சுகந்தி: மொட்டை மாடியில் ஐந்தாம் மாடிக்காரரின் பழைய டயர்கள் கிடக்கின்றன. போன வருஷம் சொன்னதற்கே இன்னும் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது என் பிள்ளை கொப்பியும் பேனையுமாக அங்கே போய் நின்றால்?

7:37
ரஞ்சினி: நல்லது. அனுப்பு.

7:41
ஆதவன் (அம்மாவின் போன்): பெரிய மாமா நான் போத்தலில் மழைமானி செய்யவா? யூடியூபில் இருக்கு

7:46
பாலா: நல்ல யோசனை கண்ணா. பக்கம் நேராக உள்ள போத்தலாகப் பார். அடி மேடுபள்ளமாக இருந்தால் கூழாங்கல் போட்டு, அது மூடும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறி. மேல் பகுதியை வெட்டிக் கவிழ்த்தால் அதுவே புனல். வாயும் உடலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். உங்கள் மொட்டை மாடி 200 சதுர மீற்றர் என்று வைத்தால், 10 மில்லிமீற்றர் மழைக்கு 2,000 லீற்றர். அவ்வளவும் இப்போது கானுக்குள் போகிறது.

7:47
ரஞ்சினி: பெப்ரவரியில் மழை?

7:48
பாலா: அது ஒரு பிரச்சினைதான்.

7:48
குகன்: வெறும் போத்தலோடு டீச்சரிடம் போகட்டும்.

7:52
குகன்: சரி, பகிடி விட்டுச் சொல்கிறேன். இங்கே கனடாவில், ஒன்ராறியோவில், பள்ளிக்கூடம் முடித்து வெளியே வர 40 மணித்தியாலம் சமூக சேவை கட்டாயம். அதனால் என் மூத்தவளுக்கு இதெல்லாம் பழக்கம். நாளை தொடங்கித் திங்கள் வரை குருவி எண்ணும் நாட்கள், ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்’. வருஷா வருஷம் பெப்ரவரி நடுவில் நாலு நாள். 2013இலிருந்து உலகம் முழுக்க யாரும் சேரலாம். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிப் பதிய வேண்டும். பல்கனி போதும். முதலை இல்லை. குரலை வைத்துப் பெயர் சொல்கிற ‘மெர்லின்’ என்ற செயலி இலவசம். இங்கே நான் பனிக்குள் நின்று எண்ணுகிறேன், உங்களுக்கென்ன.

7:53
மைதிலி: இது!

7:53
சுகந்தி: 15 நிமிடமா? 15தானா?

7:54
ரஞ்சினி: குகன் முதல் முறையாகப் பிரயோசனமாக ஒன்று சொல்லியிருக்கிறான்.

8:06
பாலா: நான் இதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ளவத்தையில் என்ன குருவி என்று நினைக்க வேண்டாம். மைனா, செண்பகம், பச்சைக்கிளி, கால்வாய்ப் பக்கம் போனால் நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி. இந்த மாதத்தில் ஆறுமணிக் குருவியும் நிற்கும். இந்தியாவிலிருந்து குளிருக்கு வந்து சித்திரை மட்டில் திரும்பிவிடும். காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டிக் கத்தும், அதுதான் பெயர். புலுனியும் வரும், தவிட்டு நிறம், எப்போதும் ஏழெட்டாகத்தான் திரியும், ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து கத்தும். சிங்களத்தில் அதற்குத் தெமலிச்சா என்று பெயர் (‘தெமல’ என்றால் தமிழ்).

8:07
ரஞ்சினி: என்ன பெயர்?

8:08
குகன்: இந்தக் குழுவைப் பார்த்து வைத்திருப்பார்கள் பெரியக்கா, விடுங்கள்.

8:12
பாலா: காகத்திலும் இரண்டு இருக்கிறது. கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக்காகம், முழுக்கக் கறுப்பும் தடித்த அலகும் என்றால் அண்டங்காகம். ஆதவன் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். குயில் முட்டையிடுவது காகக் கூட்டில். காகம் தன் பிள்ளை என்றே வளர்க்கும்.

8:13
ரஞ்சினி: தெரியும். குகனை ஐந்து வருஷம் கொட்டாஞ்சேனையில் வைத்து வளர்த்தேன்.

8:13
குகன்: சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வைத்திருக்கிறீர்களா?

8:14
ரஞ்சினி: கொப்பியில்.

8:17
பாலா: ஒரு பிள்ளை ஒரு மரத்தை நின்று பார்க்கப் பழகினால் போதும். மரம் என்பது

8:17
ரஞ்சினி: பெரியண்ணா, மரத்தைப் பற்றி மட்டும் நீங்கள் கதைக்கக் கூடாது.

8:18
பாலா: ஏன்?

8:18
ரஞ்சினி: கோண்டாவில் வளவில் அம்மா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தறித்தது யார்?

8:20
பாலா: வேர் கிணற்றுக் கட்டை உடைத்தது. உங்களுக்குப் படம் அனுப்பினேன்.

8:20
ரஞ்சினி: தறித்த பிறகு அனுப்பினீர்கள்.

8:21
குகன்: பழைய குழு உடைந்ததும் இந்த இடத்தில்தான்.

8:22
ஜெயா மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:23
சுகந்தி: திவசம் முடியும் வரைக்கும் மரத்தை விடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

8:31
மைதிலி: எனக்கொரு யோசனை. ஞாயிறு அம்மம்மாவுக்குப் படைத்துவிட்டு எப்படியும் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைப்போம். அந்த 15 நிமிடத்தில் ஆதவன் எண்ணட்டும். வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்போம், படம், கையெழுத்து எல்லாம் சரி.

8:32
சுகந்தி: மைதிலி நீ வாழ்க.

8:33
வசந்தி: போன வருஷம் காகமே வரவில்லையே.

8:33
ரஞ்சினி: வந்தது. பக்கத்துப் பல்கனிக்கு. அங்கே சூடை மீன் பொரித்தார்கள்.

8:34
குகன்: பெரியண்ணா கூப்பிட்ட கூவலுக்குக் கீழே இருந்து வாட்ச்மன் ஏறி வந்தாராம்.

8:40
ஜெயா மாமி: குரல் பதிவு 3:12

8:44
மைதிலி: மாமி சொல்வது: பிதிரருக்கு வைக்கும் சோற்றை வைத்துப் பள்ளிக்கூடக் கணக்குப் பார்ப்பது சரியில்லை. அடுத்தது, காகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டு நின்றால் அது வராது. மிச்ச இரண்டு நிமிடம் முழங்கால் வலி.

8:51
பாலா: எண்ணுவதில் பாவம் இல்லை மாமி. ஆனால் ஆதவா, சோறு வைத்த பிறகுதான் எண்ணினாய் என்று குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். சாப்பாடு கண்டு வருவது வேறு, சும்மா வருவது வேறு. ஆகவே சோறு வைக்க முன் 15 நிமிடம், வைத்த பின் 15 நிமிடம், இரண்டையும் ஒப்பிட்டால் அது நல்ல பரிசோதனை. போய்வந்த காகத்தைத் திரும்ப எண்ணக் கூடாது. ஒரே நேரத்தில் அதிகமாக எத்தனை கண்டாயோ அதை எழுது. ஒன்றும் வராவிட்டால் பூச்சியம் என்று எழுது. பூச்சியமும் தரவுதான்.

8:52
ஆதவன் (அம்மாவின் போன்): அப்ப நான் நித்திரை கொண்டுட்டு பூச்சியம் எழுதலாமா

8:52
பாலா: இல்லை.

8:55
ரஞ்சினி: வருகிற காகத்தில் அம்மா எது என்றும் எழுதட்டும்.

8:56
குகன்: குறை சொல்லிக்கொண்டு வருவது.

8:56
ரஞ்சினி: வடைக்கு உப்புப் பார்ப்பது.

8:57
சுகந்தி: எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது.

9:04
பாலா: ஆனாலும் சனிக்கிழமை காலை வருகிறேன். பெத்தகானை வேண்டாம், சரி. கால்வாய்க் கரை மட்டும். முன்–பின் ஒப்பிட இன்னொரு இடம் வேண்டுமல்லவா? 5:45க்கு உங்கள் கேற்றடியில் நிற்பேன்.

9:05
சுகந்தி: பார்ப்போம் பெரியண்ணா.

9:06
வசந்தி: எதில் வருவீர்கள்?

9:06
பாலா: பஸ்ஸில்.

9:10
ரஞ்சினி: அது கிடக்கட்டும். ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார்? உழுந்து யார் வாங்குவது?

வெள்ளி

மதியம் 12:20
ரஞ்சினி: உழுந்து?

இரவு 9:38
ஜெயா மாமி: பகிரப்பட்ட செய்தி: காகம் தலையில் தட்டினால் என்ன பலன்? 12 இராசிகளுக்கும்.

சனி

காலை 5:44
பாலா: கீழே நிற்கிறேன்.

5:53
பாலா: சுகந்தி?

5:55
பாலா: தவறிய அழைப்பு

6:04
பாலா: கேட்கிறதா? கத்துகிறது. ஆறுமணிக் குருவி. உங்கள் கட்டடத்துக்குப் பின்னால், அந்தப் பலா மரத்தடியில். கால்வாய்க்குப் போகவே தேவையில்லை.

6:05
பாலா: குரல் பதிவு 0:21

6:07
குகன்: இங்கே இரவுச் சாப்பாடு. எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். கோண்டாவிலில் அம்மா முற்றம் கூட்டும்போது கேட்கிற சத்தம்.

6:31
ஜெயா மாமி: எனக்கு நாய் குரைப்பதுதான் கேட்கிறது.

6:52
ஆதவன் (அம்மாவின் போன்): பெரிய மாமா இன்னும் நிக்குறீங்களா? வாறன். படம் எடுத்தீங்களா

6:53
பாலா: அப்போது இருட்டு. குரல் மட்டும்தான். கொப்பியோடு வா.

6:58
சுகந்தி: மன்னியுங்கள் பெரியண்ணா, மணி அடித்தது கேட்கவில்லை. ஏறி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். கையெழுத்தையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

7:02
பாலா: எண்ணாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

7:15
ரஞ்சினி: உழுந்து வாங்கவில்லை என்று இப்போதே சொன்னால் நான் கொண்டுவருவேன். யாராவது பதில் போடுங்கள்.