சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டரும் இரண்டு இரவுகளும்

மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக இருப்பதற்காக, ஒரு ஜனவரி மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் சென்றேன். இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 18½ மணி நேரம் என்று பயணச்சீட்டில் கண்டதும் கால்வலிக்காரியான எனக்குத் தயக்கமாக இருந்தது.

பள்ளியில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் என்பதால், புறப்படுவதற்கு முன்பே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் நியூயார்க் 74 பாகை மேற்கிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178. அரைவட்டத்துக்கு இரண்டே பாகைதான் குறைவு. ஆகவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்லும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கேயுள்ள சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில் பறக்கவில்லை. எதிரிலிருந்த திரையில் அது ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடலின் மீது வளைந்து சென்றது. குளிர்காலத்தில் அங்கே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றோட்டம் வலுவாக இருக்கும். அதன் முதுகில் ஏறிக்கொண்டால், தொலைவு கூடினாலும் நேரம் குறையும். திரையில் வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது, வகுப்பறையில் கரும்பலகையில் அம்புக்குறியாக மட்டும் நான் வரைந்த காற்று என்னைச் சுமந்து செல்வதை எண்ணி மெய்சிலிர்த்தேன்.

இத்தடத்துக்கென்றே எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டராக உயர்த்தப்பட்ட ஏர்பஸ் ஏ350 வகை விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன. எடையைக் குறைக்க வேண்டியிருப்பதால் சாதாரண வகுப்பே கிடையாது, கட்டணமும் அதற்கேற்ப அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்ததால் கால்கள் வீங்கவில்லை. முதியோர் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

நள்ளிரவு தாண்டிச் செவ்வாய்க்கிழமை தொடங்கியதும் புறப்பட்டோம். கடல்மேல் சூரியன் உதித்து, ஐந்தாறு மணி நேரத்திலேயே மறைந்து, மீண்டும் இரவு வந்தது. நியூயார்க்கில் இறங்கியபோது அதே செவ்வாய்க்கிழமை இன்னும் விடிந்திருக்கவில்லை.

பேரனைக் கையில் ஏந்திய மகிழ்ச்சியோடு இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோதும் விமானம் கிழக்கு நோக்கியே பறந்தது: அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, பிறகு வங்காள விரிகுடா. எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ள ஊர்கள் என்பதால் எந்தப் பக்கமாகவும் போகலாம். எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் காற்றே முடிவு செய்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விடியற்காலையில் இறங்கி, “அம்மா உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிட்டேன்” என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே அப்போது முந்தைய நாள் மாலை.